அன்றாடக் காருக்கு ரீமேப்: ஆதாயம் அல்ல, இழப்பே

காரின் இன்ஜின் கணினிக்குள் இருப்பவை பெரும்பாலும் அட்டவணைகள். இன்ஜின் எந்தச் சுற்றில் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடு என்று சென்சார்கள் சொல்லச் சொல்ல, எவ்வளவு எரிபொருள் தெளிப்பது, பொறியை எந்தக் கணத்தில் பறக்கவிடுவது, டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதையெல்லாம் அந்த அட்டவணைகளைப் பார்த்தே கணினி முடிவு செய்கிறது. அவற்றின் தொகுப்புக்கு மேப் என்று பெயர். ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுது கண்டறிவதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் லேப்டாப்பை மாட்டி, கம்பெனி எழுதிய மேப்பை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றுவதுதான் ரீமேப். பல கார்களில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். செலவு சில பத்தாயிரம் ரூபாய். டர்போ டீசல் காரில் 20 முதல் 30 சதவீதம் வரை சக்தி கூடும். டர்போ இல்லாத பெட்ரோல் காரில் கூடுவது மிகச் சொற்பம். இது அன்றாடக் காருக்கு ஆதாயமா, இழப்பா என்பது விவாதம். இழப்பு என்பது இந்த அணியின் கட்சி. சக்தி கூடுகிறது என்பதை மறுத்து வாதாட வேண்டியதில்லை, கூடத்தான் செய்கிறது. அது எங்கிருந்து எடுக்கப்படுகிறது, யாருடைய பங்கு அது என்பதே கேள்வி.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு. கம்பெனியே வேண்டுமென்று சக்தியைக் கட்டிப்போட்டு விற்கிறது என்பது அது. செங்கல்பட்டுக்கு அருகே இருக்கும் மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்யூவி 700 காரைச் சான்றாகக் காட்டலாம். ஒரே 2.2 லிட்டர் டீசல் இன்ஜின், விலை குறைந்த வகையில் 155 குதிரைத்திறன், விலை கூடிய வகையில் 185 குதிரைத்திறன் என்று வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயும் ஒரே 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினை ஒரு காரில் 100 குதிரைத்திறனுக்கும் இன்னொன்றில் 120 குதிரைத்திறனுக்கும் அமைத்து விற்றது. அப்படியானால் பூட்டிவைத்ததைத் திறந்துகொள்வதில் என்ன தவறு என்று கேட்கிறது எதிரணி.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்துக்குத் தமிழ்நாட்டு டாக்ஸி ஸ்டாண்டுகளிலேயே பதில் நின்றுகொண்டிருக்கிறது. மாருதி ஸ்விஃப்ட்டில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினை அறியாத மெக்கானிக் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. ஸ்விஃப்ட்டில் அது 75 குதிரைத்திறன், எர்டிகாவில் 90. இந்த 15 குதிரைத்திறனைக் கூட்ட மேப்பை மட்டும் திருத்தி விடவில்லை. ஸ்விஃப்ட்டில் இருந்த சாதாரண டர்போவை எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் இதழ்களின் கோணம் மாறக்கூடிய வேறு டர்போவைப் பொருத்தினார்கள். இன்ஜினை வடிவமைத்தவர்களே இரும்பை மாற்றித்தான் அந்தச் சக்தியை எடுத்தார்கள் என்றால், இரும்பைத் தொடாமல் அதே சக்தியைத் தருவதாகச் சொல்லும் லேப்டாப் எதைச் செலவழிக்கிறது என்று யோசிக்க வேண்டும். எக்ஸ்யூவி 700-இன் இரண்டு அளவுகளும் சும்மா வந்தவை அல்ல: ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட்டு, மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி ஒப்புதல் பெற்ற பிறகே கடைக்கு வந்தவை.

லேப்டாப் செலவழிப்பது ஆலை விட்டுவைத்த இருப்பை. விவசாயி வீட்டு விதைநெல்லைப் போல, அது மிச்சமாகக் கிடப்பதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு நெல்மணிக்கும் ஒரு வேலை குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலைகளில் முதலாவது வெயில். இன்ஜினின் சக்தியை அளக்கும்போது 25 டிகிரி வெப்பத்தையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். மதுரைக்கு அருகே உள்ள கப்பலூரில் சித்திரை, வைகாசி மதியங்களில் 40 டிகிரியைத் தாண்டும்; கொதிக்கும் தார்ச் சாலையை ஒட்டி பம்பர் வழியாக இன்ஜினுக்குள் போகும் காற்று அதைவிடச் சூடு. 25 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறினால் அதே அளவு காற்றின் எடை ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். காற்று சூடானால் பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் வரும், அதாவது பொறி கிளப்பிய தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். அது தொடர்ந்தால் பிஸ்டன் விளிம்பு உடையும். இதைத் தவிர்க்கக் கணினி பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அப்படித் தள்ளுவதற்கு இடம் வேண்டும். ரீமேப் செய்பவர் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது வேலை எரிபொருள். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 2025-இல் 20 சதவீதம். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதன் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எரிவதற்கு வேண்டிய காற்றின் விகிதமும் வேறு. ஒரு கிலோ சாதாரணப் பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், 20 சதவீதக் கலப்புக்கு 13.5 கிலோவை ஒட்டிப் போதும். அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டும் என்பது இதன் பொருள். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தும்போது பல இன்ஜின்கள் சென்சாரை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் நம்பி ஓடுகின்றன. 10 சதவீதக் கலப்பு இருந்த காலத்தில், கூடுதல் பூஸ்டுக்காக எழுதப்பட்ட அட்டவணை இன்று அதே காரில் கலவையை வறட்சியாக்கும். வறண்ட கலவையோடு முழுச் சுமையில் ஓடும் இன்ஜினின் வால்வும் பிஸ்டனும் என்ன ஆகும் என்பது இன்ஜின் பிரித்த அனுபவம் உள்ள எவருக்கும் தெரியும்.

நல்ல டியூனர் டைனமோமீட்டரில் ஏற்றி அளந்துதான் செய்கிறார், கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை என்பது எதிரணியின் அடுத்த பதில். திறமையானவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் கைவேலையை யாரும் இகழவில்லை. ஆனால் அந்த அளவீடு ஒரு நாளின் அளவீடு. ஒரு வெயில், ஒரு உயரம், ஒரு பங்க்கின் எரிபொருள். கப்பலூரில் அளந்த கார், ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறது. அங்கே உயரம் 2,100 மீட்டரை ஒட்டி. காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கேட்ட பூஸ்டைக் கொடுக்க டர்போ தன் எல்லைக்கு மேல் சுழலத் தொடங்கும் இடம் அது. ஆலையின் மேப்பில் உயரம் கூடக்கூடப் பூஸ்டைக் குறைக்கும் அட்டவணை தனியாக உண்டு. வெயில் பாலைவனத்திலும் பனி மலையிலும் மாதக்கணக்கில் ஓட்டி எழுதிய எண்கள் அவை. கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் நான்கு பேரும் மூட்டைகளுமாக ஏறும்போது பிக்கப் வேண்டும் என்று சொல்லி ரீமேப் செய்பவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்பது குறைந்த சுற்றில் கூடுதல் டார்க். சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜினில் மிக ஆபத்தான மூலை அதுவே: பொறி பறப்பதற்கு முன்பே கலவை தீப்பற்றி, ஒரே அடியில் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். டீசல் காரில் அடி கிளட்சிலும் ஃப்ளைவீலிலும் விழும்.

மலை ஏறாத நாட்களில் இந்தச் சக்திக்கு என்ன வேலை? கப்பலூர், மதுரை சுற்றுச்சாலை வந்து நான்குவழிச் சாலையில் சேரும் இடம். சிட்கோ தொழிற்பேட்டைக்கு வந்துபோகும் லாரிகளும், திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் போகும் பஸ்களும், குறுக்கே வரும் டூவீலர்களும் ஒரே தாரில் ஓடுகின்றன. நான்குவழிச் சாலையில் காருக்குச் சட்டம் தரும் உச்சம் மணிக்கு 100 கிலோமீட்டர். காற்றின் எதிர்ப்பையும் டயரின் இழுவையையும் கணக்கிட்டால், ஒரு சிறிய கார் சமதளத்தில் அந்த வேகத்தைத் தக்கவைக்க 20 குதிரைத்திறனை ஒட்டிப் போதும். ஏசிக்கு இன்னும் கொஞ்சம். 75 குதிரைத்திறன் காரில் ஓவர்டேக் செய்ய அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு ஏற்கெனவே இருக்கிறது. ரீமேப் தரும் 90-இலும் 100-இலும் சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுபவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்தக் காரின் பிரேக்கும் டயரும் 75-க்கு அமைந்த பிரேக்கும் டயருமாகவே இருக்கின்றன.

இதுவரை சொன்னவை காரின் சொந்தக்காரருக்கு வரும் இழப்பு. அவர் பணம், அவர் கார் என்று எதிரணி கேட்டால் ஓரளவு நியாயம் உண்டு. புகையில் அந்த நியாயம் இல்லை. புகைக்கு வரம்பு விதிக்கும் பாரத் ஸ்டேஜ் விதிகளில், பிஎஸ்-4 காலத்தில் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை விடலாம் என்றிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பிஎஸ்-6 அதை 80 ஆக்கியது. கரித்துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5. இந்தக் குறைப்புக்காகவே டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக்கப்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகள் பெரும் முதலீடு செய்தன. கார் வாங்குபவர்களும் கூடுதல் விலை கொடுத்தார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து கட்டியதை ஒரு மேப் பிற்பகலுக்குள் கலைத்துவிட முடியும். காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரி. வெப்பத்தைத் தணிக்க எரிந்த வாயுவைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வை மூடிவைக்கச் சொன்னால் நைட்ரஜன் ஆக்சைடு. கரி சேர்ந்து புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டால் வடிகட்டியையே கழற்றிவிட்டு, அது இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் மேப்பும் சந்தையில் உண்டு.

மென்பொருளின் சில வரிகள் காற்றை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு உலகம் பார்த்த சான்று ஃபோக்ஸ்வாகன். சோதனைக் கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மேப்போடு உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள் ஓடியது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. இந்தியாவில் அதே குடும்ப இன்ஜின்களைச் சாலையில் சோதித்தபோது, நைட்ரஜன் ஆக்சைடு பிஎஸ்-4 வரம்பைப் போல 1.1 முதல் 2.6 மடங்கு வரை வெளியேறுவதைப் புனேயின் வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ கண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. ஒரு கம்பெனி செய்தால் உலகமே கொதிக்கும் காரியத்தை ஒரு தனிமனிதர் தன் காரில் செய்தால் யாருக்கும் தெரிவதில்லை. புகைச் சான்றிதழ் சோதனை டீசல் காரில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே; கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு அந்தக் கருவியில் பதிவாவதே இல்லை. கப்பலூர் சுங்கச்சாவடியில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களின் நுரையீரலில்தான் பதிவாகும். அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. வேறெந்த வாதமும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்றே போதும்.

சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. மாற்றமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்புதல் பெற்ற சிஎன்ஜி கிட் பொருத்தி, ஆர்டிஓ அலுவலகத்தில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. வாரண்டி போவதும், விபத்தின்போது மறைத்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் சொந்தச் சேதத்துக்கான பணத்தை மறுக்க இடம் உண்டாவதும் தனி.

இன்ஜினில் கைவைப்பது மதுரை மண்ணின் மரபு, அதைக் குற்றமாக்கலாமா என்ற கேள்வியும் வரும். மரபு உண்மை. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய டிவிஎஸ் நிறுவனம் வளர்ந்த ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியிலிருந்து கேஸ் தரும் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்ற சாதனத்தை அவர் உருவாக்கினார். கரி கேஸில் ஓடும்படி மாற்றிய இன்ஜினில் சக்தி குறையும், ஏற்றத்தில் திணறும், கிளப்பவே நேரமாகும். ஆனால் பெட்ரோல் இல்லாத நாட்டில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்களுக்கு வண்டி ஓடியது. சக்தியை விட்டுக்கொடுத்துப் பொதுப் பயனை வாங்கிய மாற்றம் அது. ரீமேப் நேர் எதிர்த்திசையில் போகிறது.

டியூனிங் கலைக்கு உரிய களங்களும் தமிழ்நாட்டிலேயே உள்ளன: இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே ஓடும் இன்ஜின் சில ரேஸ்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கப்படுகிறது. ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டு, பாதுகாப்புக் கூண்டுக்குள் இருக்கிறார். குறுக்கே பள்ளிக்கூடப் பிள்ளை வருவதில்லை. அந்தக் களத்தில் மேப் எழுதுபவரின் திறமைக்கு முழு மதிப்பு உண்டு.

அன்றாடக் காரில் பிக்கப் குறைந்ததாகப் பட்டால் பார்க்க வேண்டியவை வேறு. அடைத்த ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கசிவு, கரி படிந்த இஜிஆர் வால்வு, தேய்ந்த கிளட்ச், தெளிப்பு கெட்ட இன்ஜெக்டர், காற்று குறைந்த டயர். இவற்றைச் சரிசெய்தால் கார் தனக்கு உரிய சக்தியைத் திரும்பப் பெறும். மேப்பிலேயே குறை இருந்தால் கம்பெனி வெளியிடும் திருத்தத்தைச் சர்வீஸ் சென்டரில் ஏற்றிக்கொள்ளலாம். அது ஒப்புதல் வரம்புக்குள் அமைந்த மாற்றம். குடும்பத்தோடு அடிக்கடி மலை ஏறுபவருக்குச் சக்தி குறைந்த வகை போதாது என்றால், வாங்கும் நாளிலேயே சக்தி கூடிய வகையை வாங்கலாம்.