கணினிவழிக் கல்வியில் மாணாக்கர் ஒழுக்கம்

(பாகாயத்திற் கூடிய நம் சங்கத்து மாணாக்கர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரிக் கல்வி இக்காலத்தில் நாற்சுவர்க்குள் அடங்கி நிற்பதன்று. மத்திய அரசினரின் 'சுவயம்' 2017-ஆம் ஆண்டிற் றோன்றியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020-இல் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது, எல்லாக் கல்லூரிகளும் கைப்பேசிக்குள் புகுந்தன. நோய் நீங்கியும் அவ்வழக்கம் நீங்கவில்லை. ஆதலின், அவ்விடத்து ஒழுகும் முறையை நம் பிள்ளைகள் அறிதல் இன்றியமையாதது.

எழுத்துக்கு முகமில்லை; குரலுமில்லை. நேரிற் புன்னகையோடு சொல்லும் சொல், எழுத்தில் வெறுஞ் சுடுசொல்லாய் நிற்கும். ஆகவே, எழுதியதை அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர்க்கு எழுதுங்கால் முதலில் வணக்கம், அடுத்துத் தன் பெயர், வகுப்பு, பதிவெண், பாடம், அதன்பின்னரே கேள்வி. இதனை வெறும் உபசாரமென்று எண்ணற்க. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோற்சாலைக்கும் செருப்புத் தொழிற்சாலைக்கும் செல்லும் பெற்றோருடைய வீடுகளிற் பலவற்றில் கைப்பேசி ஒன்றே. அது தந்தையார் பெயரில் இருக்கும். "ஐயா, மதிப்பெண் வரவில்லை" என்று மட்டும் எழுதினால், எழுதியவர் யாரென ஆசிரியர் எங்ஙனம் அறிவார்? மறுமொழி வாராமையால் பிள்ளை மனம் வாடும், நாளும் கடந்துவிடும். இரவு பத்து மணிக்குமேல் ஆசிரியரை அழைத்தலும் ஆகாது. ஒரே கைப்பேசியை மாறிமாறிக் கொள்வதால் விடைத்தாள் அனுப்பத் தாழ்க்கும் எனின், அந்நிலையைக் குறித்த நாளுக்கு முன்னரே தெரிவித்தல் நலம்.

இனி, உடன்பயில்வாரிடத்து ஒழுகும் முறை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள், ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையிற் காற்பங்கே வாய்க்கும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் வகுத்தார். எனவே மாணாக்கர் குழுவில் ஒருவரையொருவர் வினவி விடையிறுத்தல் வீண் அரட்டையன்று. கல்வியில் முக்காற் பங்கு அதுவே.

அதனைக் கெடுப்பார் யாவர்? அம்முனிவரே கடைமாணாக்கர்க்கு எருமையை உவமை காட்டினார். குளத்தைக் கலக்கிச் சேறாக்கி, அதன்பின் குடிப்பது அது. பாடக் குழுவில் வேடிக்கைப் படங்களையும் வம்புச் செய்திகளையும் கொட்டுவோர் செய்வதும் அதுவே. நாளைத் தேர்வு பற்றிய அறிவிப்பு அச்சேற்றுள் மறைந்து போகின்றது.

அதனினும் கொடியது ஏளனம். குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி புகுந்த பிள்ளை ஆங்கிலத்திற் பிழைபட ஒரு கேள்வி எழுதுகின்றது. மற்றொருவன் அதனைப் படமெடுத்துப் பிற குழுவிற் பரப்பி நகைக்கின்றான். அப்பிள்ளை பின்னர் ஆண்டு முழுதும் வாய் திறவாது. நகைத்தவனுக்கு அஃது ஒரு கணப் பொழுதுபோக்கு. அப்பிள்ளைக்கோ முக்காற் பங்கு கல்வி இழப்பு. தமிழ்நாட்டில் 1997-இல் இயற்றப்பட்ட பகடிவதைத் தடைச் சட்டம், மாணாக்கர்க்கு நாணமும் அச்சமும் விளைக்கும் செயலைக் கல்விச்சாலைக்கு உள்ளும் புறம்பும் விலக்குகின்றது. பெண்மக்களின் எண்ணையும் படத்தையும் அவர் இசைவின்றிப் பிறர்க்கு அளித்தல் நற்குடிப் பிறந்தார் செயலன்று. அத்தகைய தொல்லையுற்ற மகளிடமிருந்து கைப்பேசியைப் பறித்துப் படிப்பை நிறுத்தும் பெற்றோரும் உளர். குற்றம் செய்தவனை விடுத்துக் குற்றமற்றவளைத் தண்டித்தல் நீதியோ?

பிறர் விடையைத் தன் விடையெனப் படியெடுத்து அனுப்புதலும் களவே. உதவி பெற்றால், பெற்றதைச் சொல்லுதல் பெருமை.

மாணாக்கர்களே! பிழைபட வினவுவோர்க்கு இன்சொல்லால் விடை கூறுங்கள். தாய்தந்தையரே! பிள்ளையின் வகுப்பு வேளையிற் கைப்பேசியை அதற்கென விட்டுவையுங்கள். இவ்விரண்டும் நம் இல்லங்களிற் பழகுமாயின், நம் மக்கள் எவ்வவைக்கும் அஞ்சாது முந்தியிருப்பர் என்பது திண்ணம்.