பூவின் மேல்தோல் சொல்லும் பாடம்



ரோஜா இதழைத் தடவிப் பார்த்தால் பட்டுப்போல் மெத்தென்றிருக்கிறது. ஏனென்று கேட்டால், "ஆண்டவன் மனிதனுடைய இன்பத்துக்காக அப்படிப் படைத்தான்" என்று சொல்லி, மேற்கொண்டு யோசிக்காமல் போய்விடுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்களோ வேறு சங்கதி சொல்லுகிறார்கள். இதழின் மேல்தோலில் சின்னஞ்சிறு கூம்புகள் நெருங்கி நிற்கின்றன. பூக்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை உண்டு.

இவை எதற்கு? ஆராய்ச்சிக்காரர்கள் கூம்புள்ளதும் வழவழப்பானதுமாகப் போலி இதழ்களைப் பிசினால் வார்த்துத் தேனீக்களை விட்டுப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். படுக்கையாக வைத்தபோது தேனீ இரண்டையும் ஒன்றாகவே மதித்தது. செங்குத்தாக நிறுத்தியபோது கூம்புள்ளதையே நாடிற்று. ஏனெனில், வழவழப்பில் கால் வழுக்கிற்று. இறக்கையை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கூம்புள்ளதிலோ கால் பதிந்து, சாவகாசமாகக் குடித்தது. ஆகவே, நம் கைக்குப் பட்டாக இருப்பது தேனீயின் காலுக்குப் பிடிமானமாகும்.

"அப்படியானால் தேனீக்காகப் படைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்று ஒருவர் சொல்லலாம். சரி, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கனேரித் தீவுகளுக்குப் போவோம். அங்கே லோட்டஸ் என்றொரு செடியினம் உண்டு. பெயரைக் கேட்டுத் தாமரை என்று எண்ண வேண்டாம். இது அவரைக் குடும்பம். இதில் தேனீ நாடும் வகைகளின் இதழில் கூம்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியிலே தோன்றி, சிறு குருவிகளை நம்பி வாழும் சில வகைகளில் அக்கூம்புகள் மறைந்துபோய்விட்டன! குருவி இதழைப் பற்றி நிற்க வேண்டியதில்லை. அலகை நீட்டினால் போதும். கொடுத்ததை மறுபடி பிடுங்கிக்கொண்டது யார்?

அதற்காகச் செடி யோசித்துத் தன் தோலை மாற்றிக்கொண்டது என்று சொல்லுவதும் தவறேயாகும். ஸ்நாப்டிராகன் செடியில் மிக்ஸ்டா என்னும் ஒரே ஜீன் கெட்டால் கூம்பு வளராமல் தட்டையாகிவிடுகிறது என்று 1994-ல் கண்டார்கள். இப்படிப்பட்ட மாறுதல் தானாகவே நேரும். தேனீ வருமிடத்தில் அது நஷ்டம். அச்செடியின் சந்ததி குறையும். குருவி வருமிடத்தில் நஷ்டமில்லை. தேன் திருடும் பூச்சியை வழுக்கிவிட்டால் லாபமும் கூட இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கு நடந்தே பூவின் தோல் மாறுகிறது.

தோழர்களே! "படைத்தான்" என்ற ஒரு சொல்லோடு நின்றவர்கள் ரோஜாவை முகர்ந்ததோடு சரி. "ஏன்?" என்று கேட்டவர்களுக்கே இவ்வளவும் தெரிந்தது. நாளைக்கு ஒரு பூவைத் தொடும்போது நீங்களும் அப்படிக் கேளுங்கள்.