பெஞ்ச் மார்க் எங்கே?



கல்லணைக் கால்வாயில் லெவல் எடுக்கப் போனால் முதல் கேள்வி, "பெஞ்ச் மார்க் எங்கே?" என்பதுதான். மற்ற மட்டமெல்லாம் அங்கிருந்துதான் கணக்கு. படிப்பில் இதே கேள்வியைக் கேட்டவர் கென்யாவின் கூகி வா தியாங்கோ.

1968-ல் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவரும் இரண்டு சகாக்களும், ஆங்கிலத் துறையை எடுத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள் என்றார்கள். வெளிநாட்டு இலக்கியம் கூடாது என்றில்லை. அளவு நம்ம ஊரிலிருந்து ஆரம்பிக்கட்டும், வாய்மொழிப் பாட்டும் கதையும் பாடமாகட்டும் என்பதுதான் பேச்சு.

தாய்மொழியான கிக்கூயுவில் நாடகம் போட்டதற்கு 1977 கடைசியில் சிறை. பேராசிரியர் வேலையும் போச்சு. சிறையில் கழிவறைக் காகிதத்தில் எழுதிய நாவல்தான், அமரந்தா, சிங்கராயர் தமிழாக்கிய 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. 2025-ல் அவர் காலமானார்.

தம்பி தங்கைகளே, "தமிழ் எடுத்தா என்னப்பா கிடைக்கும்?"னு உங்களைக் கேட்பாங்க. நம்ம டெல்டாவுல மிஷின் நடவு வந்துடுச்சு. நடவுப் பாட்டு பாடுற ஆத்தாக்கள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. இந்த லீவுல ஊருக்குப் போனதும் நாலு பாட்டாவது கேட்டு எழுதி வையுங்க. அதுவும் பாடம்தான். நம்ம பெஞ்ச் மார்க் அங்கேதான் இருக்கு.