முன்னே ஏறியவர்கள் சாத்திய கதவு

(ஹிரோஷிமா நாளையொட்டி மும்பையில் நமது சங்கம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தபோது எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள். மீசை அரும்பிய வயது எனக்கு. வாங்கித் தின்றுவிட்டு, “நாமும் வல்லரசு” என்று கத்தினேன். அதே மாதம் 28-ம் தேதி பாகிஸ்தானும் வெடித்தது. அங்கேயும் இனிப்பு வழங்கினார்கள். அன்றுதான் தின்ற லட்டு எனக்குக் கசந்தது.

மெட்ரிக் படித்த ரயில்வே குமாஸ்தாவுக்கு அணுகுண்டைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். அதில் சாவதற்கு யாரிடமும் தகுதி கேட்பதில்லையே! 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் விழுந்த ஒரே குண்டுக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் பலியானார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கொரியர்கள். பிழைக்க வந்தவர்களும், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளிகள்!

இந்தக் குண்டு பரவாமல் தடுக்க 1968-ல் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். 1970 மார்ச் 5-ல் அது அமலுக்கு வந்தது. 1967 ஜனவரி 1-க்கு முன் குண்டு வெடித்த அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் அணு ஆயுத நாடுகள். மற்றவர்கள் செய்யவே கூடாது. அன்ரிசர்வ்டு பெட்டியில் முன்னே ஏறியவன் உட்கார்ந்துகொண்டு, கதவைச் சாத்தி, “இடமில்லை” என்று சொல்வது போல! இது பாரபட்சம் என்று இந்தியா கையெழுத்திட மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு.

ஆனால் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவைப் பாருங்கள். ஆயுதத்தை ஒழிக்க நேர்மையாகப் பேச்சு நடத்துவோம் என்று அந்த ஐவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்ஸ் ஆபீஸில் நாங்கள் வாகனுக்குச் சீல் வைத்து, எண்ணைப் பதிந்து, சேருமிடத்தில் சரிபார்க்கிறோம் அல்லவா? 1957-ல் அமைந்து வியன்னாவிலிருந்து இயங்கும் சர்வதேச அணுசக்தி முகமை அதைத்தான் செய்கிறது. யுரேனியக் கணக்கைப் பார்க்கிறது, சீல் வைக்கிறது, கேமரா பொருத்துகிறது. ஆனால் புத்தகத்தில் ஏறாத சரக்கை எப்படிச் சரிபார்ப்பது? 1991 போருக்குப் பிறகு ஈராக்கின் ரகசிய வேலை வெளிவந்தது. 1997-ல் சோதனை விதிகளை இறுக்கினார்கள்.

நம் டிராம்பேயிலும் இந்தக் கதை உண்டு. சமாதான வேலைக்கென்று கனடா தந்த சைரஸ் உலையின் புளூட்டோனியம்தான் 1974-ல் பொக்ரானில் வெடித்தது. அதன் பிறகே அணுப் பொருள் விற்கும் நாடுகள் கூடித் தனிக் கட்டுப்பாடு வகுத்தன.

இதனால் பயன் உண்டா? உண்டு. 1970-களில் 15 முதல் 25 நாடுகளிடம் குண்டு இருக்கும் என்று 1963-ல் கென்னடி அஞ்சினார். இன்றும் ஒன்பதுதான். தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகள் செய்து, தானே பிரித்துப் போட்டு, 1991-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. செய்தவன் கைவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் முன்னே ஏறியவர்கள் இறங்கவில்லை. 1980-களின் நடுவில் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த குண்டுகள் இன்று 12,000 அளவுக்கு இறங்கியுள்ளன. அதில் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருக்கிறது. அவ்விரண்டையும் கட்டுப்படுத்திய 2010-ம் ஆண்டு ஒப்பந்தம் 2026 பிப்ரவரியில் காலாவதியானது. குண்டை அடியோடு தடைசெய்யும் ஒப்பந்தத்துக்கு 2017-ல் ஐ.நா.வில் 122 நாடுகள் வாக்களித்தன. 2021-ல் அது அமலுக்கு வந்தது. குண்டு வைத்திருக்கும் ஒன்பதில் ஒன்றுகூடச் சேரவில்லை. நம் நாடும் சேரவில்லை.

தோழர்களே, நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் நாம் என்ன செய்கிறோம்? காகிதத்தைக் கிழித்தெறிவதில்லை. அதே பிரிவைக் காட்டி, “நிறைவேற்று” என்று கேட்கிறோம். இங்கேயும் அதுதான் வழி. பெட்டியில் பத்தாவது ஆள் ஏறுவதால் நியாயம் பிறக்காது. ஒன்பது பேரும் இறங்க வேண்டும், நாமும் சேர்ந்து.

அடுத்த முறை யாராவது குண்டுக்கு லட்டு நீட்டினால், குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்தி, காரணம் சொல்லுங்கள்.