எதிரொலியில் கண்ட இதயம்
(விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'எக்கோ எடுத்து வாருங்கள்' என்று மருத்துவர் கூறக் கேளாத குடும்பம் இன்று அரிது. அந்தச் சோதனையை உலகுக்கு அளித்தவர் சுவீடன் நாட்டு லுண்ட் நகர இதய மருத்துவர் இங்கே எட்லர். அவரைப் பற்றிச் சில சொற்கள்.

1950-களின் தொடக்கத்தில், அறுவைக்கு உரிய இதய நோயாளரைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பு எட்லரிடம் இருந்தது. மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் ஈரிதழ் வால்வு சுருங்கிவிடும். சிலருக்கு மூடாமல் ஒழுகும். சுருக்கமாயின், அறுவை மருத்துவர் இதயத்தினுள் விரலைச் செலுத்தி விரித்துவிடுவார். ஒழுக்குள்ளவருக்கு அதையே செய்தால் ஒழுக்கு மிகும், உயிருக்கே கேடு. இரண்டில் எது என்பதை ஸ்டெதஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் ஐயமறக் காட்டவில்லை.

ரேடாரைக் கொண்டு இதயத்தைப் பார்க்க இயலுமா என்று இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸை வினவினார் எட்லர். இவர், 1925-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட குஸ்தாவ் ஹெர்ட்ஸின் மைந்தர். ரேடார் உதவாது, செவிக்கு எட்டாத மீயொலி உதவலாம் என்றார் அவர். மால்மோ நகரக் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவி ஒன்று இருந்தது. முதற்சோதனை அதைக் கொண்டே நடந்தது! பின்னர் சீமென்ஸ் நிறுவனம் ஒரு கருவியை இரவலாகத் தந்தது. 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கும் இதயத்தின் எதிரொலி பதிவாயிற்று.

பலர் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுவர். என் கருத்தில் எட்லரின் பெருமை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. திரையில் தெரிந்தவை வெறும் அலைக்கோடுகள். எந்தக் கோடு எந்த உறுப்பினுடையது? மிக விரைந்து அசைந்த ஒன்றை இடது மேலறையின் சுவர் என்றே முதலில் எண்ணினர். இறந்தோரின் உடலில், மீயொலி சென்ற அதே திசையைத் தொடர்ந்து ஆராய்ந்து, அது வால்வின் முன்னிதழே என்று எட்லர் உறுதிசெய்தார். அவ்விதழ் மெல்லச் சரிந்தால் சுருக்கம் என்னும் அளவுகோல் அவ்வாறு பிறந்தது. இருவருக்கும் 1977-இல் லாஸ்கர் விருது கிட்டியது.

நம் நாட்டில் மூட்டுவாதக் காய்ச்சல் இன்னும் ஒழியவில்லை. சிறுவர்க்குத் தொண்டைப் புண்ணும் அதன்பின் இடம் மாறும் மூட்டுவலியும் கண்டால் காலம் தாழ்த்தலாகாது. ஈரிதழ் வால்வின் இயல்பான திறப்பு 4 முதல் 6 சதுர செ.மீ.; அது 1.5-க்குக் குறைந்தால் கடுஞ்சுருக்கம் என்பர். இப்போது பலருக்கு மார்பைப் பிளக்காமல், தொடைச் சிரையின் வழியே பலூனைச் செலுத்தி விரிக்கின்றனர். அதற்கு முன்னும் எக்கோவிடம் மருத்துவர் கேட்பது எட்லரின் அதே வினாவைத்தான்: சுருக்கம் மட்டுமா, ஒழுக்கும் உண்டா?