சாயம் போகும் துணியும் நம் பிள்ளைகளின் உடை நாகரிகமும்

(ரமளானுக்கு முன்பு பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற ஜமாஅத் கூட்டத்தில் பள்ளி இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெருநாள் ஆடை பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக் கொண்டனர். எது கூடும், எது கூடாது என்ற சட்டங்களை ஜும்ஆவில் பலமுறை கூறிவிட்டோம். இன்று வேறொரு கேள்வியை எடுத்துக் கொள்வோம். இந்த ஆண்டு இதுதான் நாகரிகம், சென்ற ஆண்டு உடுத்தியது பழையது என்று தீர்ப்பளிப்பவர் யார்?

அழகிய துணியை விரும்புவதில் குறையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யமன் நாட்டில் நெய்யப்பட்ட ஹிபரா என்னும் கோடு போட்ட பருத்தி ஆடை அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மிகவும் விருப்பமானதாக இருந்தது என்று ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். ஆகவே இளைஞர்கள் அஞ்ச வேண்டாம். சண்டை சட்டையோடு அல்ல.

நம் மண்ணில் பிறந்த துணி ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள். சென்னைப் பகுதியின் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அமெரிக்காவில் 'மெட்ராஸ்' என்றே பெயர். 1958ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் இத்துணியைக் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் பெருமளவில் வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய அதே கிருஷ்ணன் நாயர்தாம். அவர் பின்னாளில் எடுத்துரைத்து வந்த செய்தியாவது: இத்துணியின் இயற்கைச் சாயம் தண்ணீரில் கசியும், குளிர்ந்த நீரில் பக்குவமாய் அலச வேண்டும் என்று எச்சரித்தே விற்றார். வாங்கியவரோ புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆடை நிறுவனத்துக்கு அந்த எச்சரிக்கையைச் சொல்லாமலே விற்றுவிட்டார். சட்டைகளைத் துவைத்த வாடிக்கையாளர்கள் ஒரு நிறம் மற்றொரு நிறத்தில் ஊறிக் கலப்பதைக் கண்டு கொதித்தெழுந்தனர். விஷயம் வழக்கறிஞர்கள் வரை போயிற்று.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 'செவன்டீன்' என்னும் இளம்பெண்களுக்கான பத்திரிகையின் ஆசிரியர் கிருஷ்ணன் நாயரைப் பேட்டி கண்டார். துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயக் கைத்தறித் துணி என்று பக்கம் பக்கமாய் எழுதப்பட்டது. சாயம் போவது நிச்சயம் என்பதே விளம்பர வாசகமாகவும் ஆயிற்று! நம் ஊர்த் துணிக்கடையில் 'சாயம் போகாது பாய், நான் கேரண்டி' என்பார்கள். அங்கே சாயம் போகும் என்பதற்கு கேரண்டி கொடுத்தார்கள். புகார் செய்த அதே நாட்டில் மக்கள் அதைத் தேடித் தேடி வாங்கினர். சாயம் போகாத துணியை யாரேனும் மெட்ராஸ் என்று விற்றால் அது போலி என்று கருதும் அளவுக்கு 1960களில் நிலைமை மாறியது.

துணியில் ஒரு நூலும் மாறவில்லை. நெசவாளியின் கூலி கூடியதாகவும் நாம் கேள்விப்படவில்லை. பத்திரிகை அலுவலகத்தின் மேசை ஒன்றில் குறை என்பது நிறை என்று திருத்தி எழுதப்பட்டது, அவ்வளவே.

இந்தக் கட்டத் துணிக்கு உறவுக்காரன்தான் நம் கைலி. பழவேற்காட்டின் பெயரை ஒட்டியே மலாய் மக்கள் தங்கள் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிக்கட்' என்று அழைக்கின்றனர். அங்கே அதை உடுத்திப் பள்ளிக்கு வருவது கண்ணியம். இங்கே நம் வாலிபர்களில் சிலர் விருந்தினர் வந்தால், 'வாப்பா, கைலியை மாற்றிக் கொண்டு வாருங்கள்' என்கின்றனர். 2018ஆம் ஆண்டில் ஸாரா நிறுவனம் பார்வைக்கு நம் கைலியே போன்ற கட்டம் போட்ட பாவாடை ஒன்றை ஏறத்தாழ 70 பவுண்டுக்கு விற்பனைக்கு வைத்தது. ஆறாயிரம் ரூபாய்க்கும் மேல்! குடியாத்தத்துத் தறிக்காரர் கேட்டால் சிரிப்பாரா, அழுவாரா என்று தெரியவில்லை.

ஹிஜாபும் இந்த மேசைக்குத் தப்பவில்லை. சகோதரிகள் இதைக் கவனமாய்க் கேட்க வேண்டுகிறோம். கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹலீமா ஆதன் என்னும் சோமாலியப் பெண், ஹிஜாப் அணிந்த மாடலாக உலகப் புகழ் பெற்றார். 2018இல் பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டையிலும் இடம்பெற்றார். நம் பிள்ளைகள் பலர் அந்தப் படங்களைக் கைபேசியில் வைத்திருந்தனர். ஆனால் 2020 நவம்பரில் அவரே, இனி மாடல் மேடைகளுக்கு வரப் போவதில்லை என்று அறிவித்தார். ஸ்டைலிஸ்ட் எனப்படும் உடை அமைப்பாளர்களின் கையில் தம் ஹிஜாப் சிறிது சிறிதாகச் சுருங்கியதையும், ஒரு படப்பிடிப்பில் ஹிஜாபுக்குப் பதிலாக ஜீன்ஸைத் தலையில் சுற்றியதையும் வருத்தத்தோடு எழுதினார். படத்தைப் பார்த்தவர்கள் அது அவருடைய விருப்பம் என்றே எண்ணினர்.

அன்று பத்திரிகை ஆசிரியர் செய்ததை இன்று கைபேசித் திரையில் தோன்றும் இளைஞர் செய்கிறார். 'பெருநாளுக்கு இந்த ஐந்து உடைகள் உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும்' என்கிறார். பல வேளைகளில் அந்த உடை அவருக்கு இலவசமாய் வந்தது. கீழே உள்ள இணைப்பை அழுத்தி நாம் வாங்கினால் அவருக்குக் கமிஷனும் உண்டு. சம்பாதிப்பதை நாம் குறை கூறவில்லை. மறைப்பதையே குறை கூறுகிறோம். இப்படிப் பொருளோ பணமோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. பரிந்துரையைக் கேட்கும் முன் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள் பிள்ளைகளே. விற்கும் சரக்கின் குறையை மறைப்பது பற்றி நீங்கள் மதரஸாவில் ஓதியது தராசு பிடிப்பவருக்கு மட்டும் உரியதன்று.

இவ்வளவும் ஏன் பேசுகிறோம்? ரமளான் பிந்திய பத்தில் நம் மஹல்லாவின் தகப்பன்மார் படும் பாடு எமக்குத் தெரியும். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று 'செட்', அதற்கேற்ற செருப்பு, போதாக்குறைக்குக் குடும்பம் முழுதும் ஒரே நிறத்தில் படமெடுக்க வேண்டுமாம். கைமாற்று வாங்கியும், மாதத் தவணையிலும், ஒரு சிலர் வட்டிக்கும் வாங்கி இதை முடிக்கின்றனர். ஷவ்வால் பிறை ஆறில் தவணைக்காரர் வாசலில் நிற்கிறார். தாய்மார்களே, தயவுசெய்து கடைக்குப் புறப்படும் முன்பு வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். துணி எடுத்துத் தைப்பவர்கள் இருபதாம் நோன்புக்குள் நம் தெருத் தையற்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி மூன்று இரவுகளில் அவர்களைத் தராவீஹுக்கும் வரவிடாமல் செய்யாதீர்கள்.

இன்னும் ஒன்று. சென்ற பெருநாளுக்கு வாங்கி உறை பிரிக்காமலும் ஒருமுறை மட்டும் உடுத்தியும் வைத்துள்ள ஆடைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. அவற்றைத் துவைத்து மடித்து ஆண், பெண், குழந்தை என்று தனித்தனியே கட்டி, இருபத்தைந்தாம் நோன்பு வரை அஸருக்குப் பின் மதரஸா அறையில் மோதினாரிடம் ஒப்படைக்கலாம். சாயம் போகும் துணியாக இருந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.