மன்னார் வீதியும் கழுதைகளும்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைப்பது கடலூடு செல்லும் தாம்போதி. 1990 ஆம் ஆண்டு போரிலே அதன் பாலம் தகர்ந்தது. யப்பானிய உதவியுடன் அமைந்த புதுப்பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. குண்டும் குழியுமாய்க் கிடந்த வீதிகளும் பின்னர்ச் செப்பமுற்றன.

நேயர்களே, வீதி சீரானால் போக்குவரத்தும் சீராகிவிடும் என எண்ணுதல் பிழை. மன்னார்ப் பட்டினத்தில் பேருந்தும் முச்சக்கரவண்டியும் ஒன்றையொன்று முந்த முயல, நடுவீதியிலே கழுதைக் கூட்டம் அசையாது நிற்கும். செவி நீண்டிருந்தும் ஊதுகுழலோசை அவற்றுக்கு ஒரு பொருட்டன்று!

இவற்றின் முன்னோரை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. ஊராரின் பொதியெல்லாம் ஒருகாலத்தில் இவற்றின் முதுகிலேதான் ஏறிற்று. லொறி வந்தது, சுமை இறங்கிற்று, உடையவனும் கைவிட்டான். இன்று அவற்றுட் பல கேட்பாரற்றுத் திரிகின்றன. இரவில் அவற்றின் மங்கிய தோல் விளக்கொளி படுமளவும் புலப்படாது. விரைந்து வரும் மோட்டார்ச் சைக்கிள் மோதி, விலங்கும் மனிதரும் ஒருங்கே வீழ்வதுண்டு. பழைய குழிவீதியில் அத்தகைய வேகம் இயலாது. குழிகளே அன்று கழுதைக்குக் காவலாயிருந்தன போலும்.

கழுத்திலே ஒளிதெறிக்கும் பட்டியொன்று அணிவித்தால் ஓட்டுநர் தொலைவிலேயே கண்டுகொள்வார். அதற்கு ஆகும் செலவு, உடைந்த ஒரு முன்விளக்கை மாற்றும் செலவினும் குறைவே.